ஒரு சிட்டிகை ஹைப்போ

எழில்நகர் ஒன்பதாம் பிளாக்கில் உள்ள தொண்ணூற்றாறு வீடுகளுக்கும் தண்ணீர் வருமா வராதா என்று முடிவு செய்யும் அதிகாரம் நாற்பது இறால்களிடம் இருந்தது. ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். செக்கச் செவேலென்று, எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டு, தங்களுக்கு இப்படியொரு பதவி கொடுக்கப்பட்டிருப்பது தெரியாமல் அவை ரூபாவதி வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் குடியிருந்தன.

முன்பெல்லாம் குழாய்க்குள் கருவி பொருத்தித்தான் தண்ணீரைச் சோதித்தார்கள். கருவியின் மேல் பாசி படிந்துவிடும். படிந்த பிறகு அது எந்தத் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்றே சொல்லும். ஒரு கோடையில் ஊரில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, நீர்க்காவல் துறை என்று புதிதாக ஒன்று வந்தது. அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வழிதான் பிளாக்குக்கு ஒரு தொட்டி. வீடுகளுக்கு ஏறும் தண்ணீரில் ஒரு சிறு கிளை, தொட்டிக்குள் புகுந்து வெளியேறும். தொட்டி மூடியில் ஒரு கேமரா. இறால்கள் நடப்பது, நீந்துவது, கால்களை ஆட்டுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். அவை சுகமாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். துடித்தாலோ சரிந்து விழுந்தாலோ சிவப்பு. சிவப்பு எரிந்தால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். மாதிரி எடுத்துப் பரிசோதித்து முடிக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் லாரித் தண்ணீர்தான்.

இறால்கள் துறையின் பண்ணையிலிருந்து வந்தவை. வழக்கமான அளவு குளோரினுக்குப் பழக்கப்பட்டவை, அளவு மீறினால்தான் துடிக்கும். கூடவே ஆறு நத்தைகளும் உண்டு. கேமராவுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமே, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பது அவற்றின் வேலை. நத்தை என்ன சொல்கிறது என்று கேமரா கேட்பதில்லை.

தொட்டிக்குப் பாதுகாவலர் வேண்டுமென்று துறை ஆள் தேடியபோது முதலில் அகப்பட்டவர்களில் ரூபாவதியும் ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. கொளத்தூர் வண்ண மீன் பண்ணைகளில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். தண்ணீரை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். நத்தை பெருகினால் தீனி அதிகம் என்று தெரியும். ஒரு துண்டு வெள்ளரிக்காயைத் தொட்டியில் போட்டுவைத்து, அதில் வந்து மொய்க்கும் குட்டி நத்தைகளை அப்படியே தூக்கி எடுத்துவிடுவாள். ஓடு வெளிறினால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவாள். நத்தை தண்ணீரை விட்டுக் கண்ணாடியில் மேலே ஏறினால் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று கேமராவுக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

முதல் வருடம் நான்கு முறை சிவப்பு எரிந்தது. முதல் முறை, இறால்கள் சட்டை உரித்துப் போட்ட வெள்ளை ஓடுகளைக் கேமரா பிணம் என்று எண்ணிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த மூன்றும் நிஜம். ஆனால் தலையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு நிஜம் என்ன, பொய் என்ன?

"இன்னா ரூபாக்கா, உன் இறாலுக்குத் தும்மல் வந்தா எங்களுக்குத் தண்ணி இல்லியா?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் வாசலில் நின்று கத்தினார். "வளக்கத் தெர்லன்னா சொல்லு, வேற ஆளப் போடச் சொல்றோம்."

வளர்க்கத் தெரியவில்லை என்ற சொல் ரூபாவதிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைவிடப் பெரிய வலி தொட்டிக்குள் இருந்தது. நான்காவது முறை முப்பத்தொரு இறால்கள் செத்தன. ஒரு சின்ன ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்துச் செடித்தொட்டி மண்ணில் வைத்தாள். அதில் எட்டு, வயிற்றின் அடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தவை. கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள் முந்தானை ஈரமாகிவிட்டது.

புது இறால்கள் வந்த அன்று, தண்ணீர் தொட்டிக்குள் விழும் இடத்தில் இருக்கும் பஞ்சுக் கூடைக்குள் அவள் ஒரு சிட்டிகை ஹைப்போ போட்டாள்.

ஹைப்போ என்பது பார்க்கக் கற்கண்டு போல இருக்கும் ஓர் உப்பு. தண்ணீரில் இருக்கும் குளோரின் வகைகளை முறித்துவிடும். மீன் வளர்க்கிறவர்கள் வீட்டில் அது இல்லாமல் இருக்காது. குழாய்த் தண்ணீரை அப்படியே மீனுக்கு ஊற்றுவது, ரூபாவதியைப் பொறுத்தவரை, பச்சைக் குழந்தைக்குக் காரக்குழம்பு ஊட்டுவது மாதிரி. தொட்டி மூடியில் 'தண்ணீரில் எதையும் கலக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது. அது பிஸ்கட் தூள் போடுகிறவர்களுக்குச் சொன்னது என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஹைப்போவை அவள் கலப்பதாகவே நினைக்கவில்லை. சோற்றுக்கு உப்பு போடுகிறவள் சோற்றில் எதையோ கலக்கிறோம் என்றா நினைப்பாள்?

தினமும் ஒரு சிட்டிகை என்று அது வழக்கமாகிவிட்டது. அதன் பிறகு ஆறு மாதம் சிவப்பே எரியவில்லை. இறால்கள் கொழுத்தன, குஞ்சு பொரித்தன, நாற்பது என்பது நூற்றைத் தாண்டியது. துறையிலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. ஏகாம்பரமே சட்டம் போட்டு எடுத்துவந்து தொட்டிக்கு மேல் ஆணியடித்து மாட்டினார். "கில்லாடிக்கா நீ" என்று சொல்லிவிட்டும் போனார்.

அந்தப் பச்சை விளக்கை நம்பி மூன்றாம் மாடியில் ஓர் உயிர் இருந்தது.

நஸ்ரினுக்கு முப்பத்து நாலு வயது. கணினி வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஏழு வருடம் ஆகிறது. முன்பு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பாள். இப்போது வீட்டிலேயே சின்னப் பெட்டி மாதிரி ஒரு டயாலிசிஸ் மெஷின். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவள் கணவன் ஜாஃபர் ஊசி குத்திவிடுவான். மெஷின் குழாய்த் தண்ணீரையே எடுத்துச் சுத்தம் செய்து அவள் ரத்தத்தைக் கழுவும். தொட்டியின் விளக்கோடு அது இணைக்கப்பட்டிருந்தது. பச்சை எரிந்தால் ஓடும், சிவப்பென்றால் ஓடாது.

மெஷினுக்கு விளக்குப் போதும். நஸ்ரினுக்குப் போதாது. ஊசி குத்திக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கீழே ரூபாவதிக்குப் போன் செய்வாள்.

"அக்கா, என் ராணிங்க எப்படி இருக்காங்க?"

"ராணிங்க நல்லா மேயறாங்க. நீ போடு கண்ணு."

இந்த இரண்டு வரியைக் கேட்ட பிறகுதான் அவள் கையை நீட்டுவாள். ஜாஃபர் கேலி செய்வான். ஆனால் அந்தப் போன் வராத நாளில் அவனுக்கும் ஊசியை எடுக்கக் கை வராது.

வைகாசி மாதத்தில் நஸ்ரின் வெளுக்க ஆரம்பித்தாள். மூன்று மாடி ஏறியிறங்கினால் மூச்சு வாங்கியது. பாடம் நடத்தும்போது பாதியில் சொல் மறந்தது. இரண்டு முறை ரத்தம் ஏற்றியும் நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு ரூபாவதி வீட்டில் நுழைந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கறியா? ஒரு வாய் மட்டும்," என்றாள் ரூபாவதி. நஸ்ரினுக்கு அளவுக்கு மேல் தண்ணீர் ஆகாது.

"வேணாம்க்கா. சும்மா இதுங்களப் பாக்கலாம்னு வந்தேன்." தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டில்கூட ரத்தமில்லை. "டாக்டருக்கே புரியலயாம். ரத்தம் ஊறுது, ஆனா உள்ள அணு உடைஞ்சு உடைஞ்சு போகுதாம். டயாலிசிஸ் தண்ணில குளோரின் ஜாதி ஏதாவது இருந்தாதான் இப்படி ஆகும்னாரு."

ரூபாவதி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சா ஒண்ணும் ஆகாதாம்க்கா, வயிறு சமாளிச்சிடும். நேரா ரத்தத்துல பட்டாதான் ஆபத்தாம். நான் சொல்லிட்டேன், அதெல்லாம் சான்ஸே இல்ல டாக்டர், எங்க ரூபாக்கா வீட்டு இறாலு ஜம்முனு இருக்கு, குளோரின் வந்தா அதுங்கதானே மொதல்ல போகும்னு. அவரும் சரின்னுட்டாரு. இனி எலும்புக்குள்ள ஊசி விட்டுப் பாக்கப் போறாங்களாம்."

கத்தி நின்றது. வெள்ளரிக்காய் பாதியில் நின்றது. ரூபாவதியின் கண் பஞ்சுக் கூடைக்குப் போய், அங்கிருந்து சான்றிதழுக்குப் போய், மறுபடியும் கூடைக்கே வந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் படு."

நஸ்ரின் படியேறிப் போகும் சத்தம் அடங்கியதும் அவள் கூடையைப் பிடுங்கி எடுத்தாள். பஞ்சை அலசினாள், பிழிந்தாள், குப்பையில் எறிந்தாள். வெறும் குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பித்தது. அவள் போட்ட திட்டம் எளிமையானது, கேவலமானதும்கூட. இறால்கள் துடிக்கும், சிவப்பு எரியும், வால்வு மூடும், துறை வந்து கண்டுபிடிக்கும். ஹைப்போவைப் பற்றி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. வளர்க்கத் தெரியாதவள் என்று பெயர் வந்தால் வரட்டும். கொன்றவள் என்ற பெயர் மட்டும் வேண்டாம்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பத்தரை ஆயிற்று. இறால்கள் மேய்ந்தன. தொட்டி நிறைய ஆறு மாதமாய் முறித்த தண்ணீர், கெட்ட தண்ணீர் அதில் கலந்து ஏற நேரமெடுக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பத்தே முக்காலுக்குப் பெரிய நத்தை கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. பின்னாலேயே இன்னொன்று. அவளுக்கு அதுவே போதும். கேமராவுக்குப் போதவில்லை. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"சீக்கிரம் துடிங்கடி," என்றாள் ரூபாவதி. சொன்ன மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் அப்படியொரு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, என் ராணிங்க எப்படி இருக்காங்க?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். மேய்ந்துகொண்டுதான் இருந்தன. மேய்கிறார்கள் என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. நத்தைகள் தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா?"

"மேயறாங்க," என்றாள் ரூபாவதி. "ஆனா நீ போடாத."

"ஏன்?"

"போடாத கண்ணு. ஜாஃபர் தம்பிகிட்ட ஊசியக் கீழ வெக்கச் சொல்லு. நான்தான் அதுங்கள மேய வெச்சினுகீறேன். ஆறு மாசமா தண்ணில மருந்து போட்டுக்கினு வந்தேன். நீ நம்புன பச்சை லைட்டு நான் போட்டது."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழும் ஓசை கேட்டது. போன் அணைந்தது.

பன்னிரண்டே காலுக்கு விளக்கு சிவந்தது.

நீர்க்காவல் துறைப் பொறியாளர் இளவேனில் மறுநாளே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ரூபாவதியின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"குளோரினோட அமோனியா சேர்த்து ஒரு மருந்து போடறோம்மா. குளோரமைன்னு பேரு. உங்க பிளாக்குக்கு மட்டும் தண்ணி ஏத்தற பம்ப் ஹவுஸ்ல அதோட அளவு தப்பா வெச்சிருக்காங்க. அம்பது நாளா. உங்க தொட்டி சிவப்புக் காட்டியிருந்தா மொத நாளே எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அந்த மெஷினுக்குள்ள கரி ஃபில்டர்னு ஒண்ணு இருக்குமே மேடம்? அது இத்தப் புடிக்காதா?"

"ஆஸ்பத்திரியில பெரிசா இருக்கும். வீட்டு மெஷின்ல சின்னதா வெச்சிட்டாங்க. ஏன்னா கீழ இறால் காவல் இருக்குல்ல."

ரூபாவதி தலை குனிந்தாள். "கேஸ் போடுவீங்களா?"

"யார் மேல போடறது?" இளவேனில் பெருமூச்சு விட்டாள். "நேத்து ராத்திரி பூரா எல்லாத் தொட்டியோட பதிவையும் எடுத்துப் பாத்தோம். நூத்தி நாப்பது பிளாக். அதுல அறுபத்தொரு பிளாக்ல பல மாசமா சிவப்பே இல்ல. அறுபத்தொண்ணுக்கும் நாங்க சான்றிதழ் குடுத்திருக்கோம். காலையில ஆள் அனுப்பிப் பாத்தா, எல்லாக் கூடைலயும் ஹைப்போ. எல்லாரும் உங்கள மாதிரி பண்ணைக்காரங்க. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் செய்யலம்மா. அவங்கவங்களே போட்டிருக்காங்க."

"இறாலுங்க சாவறத எப்படி மேடம் பாத்துக்கினு இருக்கறது?"

"அதுங்க சாகறதுக்குத்தான்மா அங்க வெச்சது." சொல்லிவிட்டு இளவேனில் சோதனைக் குழாயைத் தரையில் வைத்தாள். "நல்லா பாத்துக்கற கையாத் தேடித் தேடி எடுத்தோம். அதுதான் நாங்க பண்ண தப்பு."

பிளாக்கில் ரூபாவதி மீது கோபம்தான். ஆனால் அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை. "ஆறு மாசம் நிம்மதியா இருந்தோம், இவங்கள யாரு வாயத் தொறக்கச் சொன்னது?" என்று ஏகாம்பரம் லாரிக்குப் பக்கத்தில் நின்று புலம்பினார். குடத்தோடு நின்றவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மூன்றாம் மாடியை நிமிர்ந்து பார்த்தவர்கள் நாலு பேர்கூட இல்லை.

நஸ்ரின் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரூபாவதி தினமும் வாசல்வரை போனாள். ஜாஃபர் உள்ளே விடவில்லை. "அவ உங்கள நம்புனா. என்ன விட, டாக்டர விட" என்று அவன் ஒரே ஒரு முறை சொன்னான். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

வீடு திரும்பிய நஸ்ரினுக்குப் பெரிய கரி ஃபில்டரோடு மெஷின் வந்தது. துறையில் புது விதியும் வந்தது. இனிமேல் பாதுகாவலராக இருப்பவருக்கு மீன் வளர்த்த பழக்கம் இருக்கக் கூடாது, தண்ணீர் சரியாக இருந்தே ஆகவேண்டிய கட்டாயம் இருப்பவராக இருக்கவேண்டும். ஒன்பதாம் பிளாக்கில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். நான்கு பேர் சேர்ந்து தொட்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். ரூபாவதி கதவிடுக்கில் நின்று பார்த்தாள். சுவரில் சான்றிதழ் மாட்டிய ஆணி மட்டும் மிஞ்சியது.

நான்கு வாரம் கழிந்தது. ஆடி முதல் வாரத்தில் ஒரு காலை, பத்தரை மணிக்கு அவள் போன் அடித்தது. நஸ்ரினின் பெயர் தெரிந்தது.

"அக்கா. கொஞ்சம் மேல வாங்களேன்."

அவ்வளவுதான் பேச்சு. ரூபாவதி செருப்புகூடப் போடாமல் ஏறினாள்.

நஸ்ரின் தொட்டிக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. ஆனால் ஐந்து நத்தைகள் தண்ணீருக்கு மேலே ஏறியிருந்தன, ஆறாவது ஏறிக்கொண்டிருந்தது. பாசியின் ஓரத்தில் ஒரு பெரிய பெண் இறால், வயிற்றடியில் முட்டைகளை விசிறிக்கொண்டு, அடிக்கொருதரம் விலுக்கென்று துள்ளியது.

"கெட்ட தண்ணிதானே?" என்றாள் நஸ்ரின்.

"ஆமா."

"இவளுக்குப் பேர் வெச்சிருக்கேன். ஷாஜாதி. நாளைக்கோ மறுநாளோ குஞ்சு வந்துடும், முட்டைக்குள்ள கண்ணு தெரியுது, பாத்தீங்களா?"

"பாத்தேன்." ரூபாவதி அவளையே பார்த்தாள். "இன்னைக்கு உனக்கு மெஷின் போடற நாளாச்சே."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்குவேன்க்கா. ஜாஃபர் ஆட்டோ புடிக்கப் போயிருக்காரு." நஸ்ரினின் குரல் உடைந்தது. "எனக்குப் போக எடம் இருக்கு. இதுங்க எங்க போகும்?"

அப்போதுதான் ரூபாவதி அவள் வலது கையைக் கவனித்தாள். மடியில், இறுக்க மூடியபடி இருந்தது. எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கை வியர்வையில் பாதி கரைந்துபோய், கற்கண்டு மாதிரி நாலைந்து துண்டுகள்.

"ஏதுடி இது?"

"கொளத்தூர் போய் நானே வாங்கிட்டு வந்தேன். போன வாரம். அவருக்குத் தெரியாது." நஸ்ரின் அழுதாள். "உங்கள எவ்வளவு திட்டினேன் தெரியுமாக்கா மனசுக்குள்ள. எப்படி ஒரு பொம்பளைக்கு மனசு வந்துச்சுன்னு. இப்ப நானே ஒரு மணி நேரமா இத வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தான் செய்ததை உலகத்தில் ஒருவராவது புரிந்துகொள்ள மாட்டார்களா என்று ஏங்கியவள்தான் ரூபாவதி. அது இவளாக இருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது அந்தச் சுகத்தை அனுபவிக்க நேரமில்லை.

"நாலாவது மாடியில பிரசவமாயி இருக்காங்க. பொறந்து ஒம்பது நாள் கொழந்தை," என்றாள். "குழாய்ல இன்னா வருதுன்னு நமக்கே தெர்ல. குடு இப்டி."

எழுந்துபோய்த் துண்டுகளைக் கழுவுத்தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். முழுக்கக் கரைந்து ஓடும்வரை நின்றாள். பிறகு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நஸ்ரினின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரமான அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஷாஜாதி துள்ளுவது குறைந்துகொண்டே வந்தது.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் விளக்கு சிவந்தது. சுவருக்குள் வால்வு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கீழே ஏகாம்பரம் யாரையோ கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

ரூபாவதி அலமாரியிலிருந்து சின்ன ஸ்பூனை எடுத்துவந்தாள். நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. நான் எடுக்கறேன்."